சொல்ல ஆளில்லை

போனை எடுப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறார். மறுமுனையில் இருப்பவர், ‘கேக்கல’ என்கிறார். எடுத்தவர் பெயரைத் திரும்பச் சொல்கிறார். மறுமுனை அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறது. ஆமாம் என்கிறார் இவர். பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆனால் அழைத்தவரின் பெயர் மட்டும் வரவே இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1958இல் தொடங்கப்பட்ட தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த அழைப்பு இது. அந்த மையத்தின் ஒலிநாடாக்களை 1963, 64 வாக்கில் ஹார்வி சாக்ஸ் என்ற இளைஞர் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டம் படித்துவிட்டுச் சமூகவியலுக்கு வந்தவர். மையத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அழைப்பவர்கள் பெயர் சொல்ல மறுத்தார்கள். ‘நீங்க யாரு?’ என்று நேராகக் கேட்டால், ‘ஏன் கேக்கறீங்க?’ என்று திருப்பிக் கேட்கலாம். அதனால் ஊழியர்கள் தங்கள் பெயரை முதலில் சொன்னார்கள். பெரும்பாலும் பலித்தது. வணக்கத்துக்கு வணக்கம் மாதிரி, பெயருக்குப் பெயர். யாரும் கேட்காமலே பதில் பெயர் வந்து விழும்.

இந்த ஆள் மட்டும் எப்படித் தப்பித்தார்? சாக்ஸ் பிடித்தது இதைத்தான். பெயர் வந்து உட்கார வேண்டிய இடத்தில் ‘கேக்கல’ வந்து உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யப் போனதில் அந்த இடம் கடந்து போய்விட்டது. அவர் மறுக்கவில்லை, பொய் சொல்லவுமில்லை. லைன் உண்மையிலேயே கரகரத்ததா என்பது நமக்குத் தேவையில்லாத கேள்வி. (நம் வீட்டுப் பெரியவர்கள் போனை எடுத்ததும், ‘ஹலோ, யாரு?’ என்று அதட்டுவார்கள். அங்கே இந்த வித்தை நடக்காது.)

அந்தக் காலத்து மொழியியல் இப்படிப்பட்ட பேச்சைச் சீண்டவில்லை. திக்கல், பாதியில் நிற்கும் வாக்கியம், ‘ம்ம்’, இருமல் எல்லாமே குப்பை. மொழியின் ஒழுங்கைத் தேட வேண்டிய இடம் வேறு என்று நினைத்தார்கள். சாக்ஸ் அந்தக் குப்பைக்குள்ளேயே ஒழுங்கைத் தேடினார். பெரிய தத்துவம் எதையும் வைத்துக்கொண்டு அவர் ஒலிநாடாவுக்குப் போகவில்லை. திரும்பத் திரும்பக் கேட்க முடியும், அவ்வளவுதான்.

அழைத்தவர்கள் பலர் ஒரே மாதிரி ஒன்றைச் சொன்னார்கள்: எனக்குச் சொல்ல ஆளே இல்லை. வீட்டில் மனைவி இருப்பாள், அம்மா இருப்பார், நண்பர்கள் இருப்பார்கள். கேட்பவருக்கு அது மிகையாகவோ நோயின் அறிகுறியாகவோ தோன்றலாம். சாக்ஸ் அதை ஒரு தேடலின் முடிவாக எடுத்துக்கொண்டார். 1966இல் பெர்க்லியில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். துன்பம் வந்தால் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. துரோகம் செய்த கணவன் மனைவியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் மனைவி என்ற உறவே போகலாம். வேறொருவரிடம் சொன்னால், ‘ஏன் என்கிட்ட சொல்லல?’ என்று பிறகு மனைவி கேட்பாள். அம்மாகிட்ட சொன்னா உடைஞ்சிடுவாங்க, அண்ணன்கிட்ட சொன்னா அடிச்சிடுவான். இப்படி ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தால், அத்தனை பேரும் வீட்டில் இருக்கும்போதே பட்டியல் காலியாகிவிடும். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பட்டியல் நமக்கும் தெரிந்ததுதானே. மிஞ்சுவது முன்பின் தெரியாதவர் மட்டும். சொல்ல ஆளில்லை என்பதையே அவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் பெயர் இல்லாமல்.

சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் சேர்ந்து 1974இல் ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதிய கட்டுரை பிரபலமானது. யாருக்கு அடுத்த முறை என்பதைப் பேசுகிறவர்கள் அந்தந்த நொடியில் எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அதன் விஷயம். 2009இல் பத்து மொழிகளை அளந்து பார்த்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடி அளவில்தான். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு ஏறக்குறைய 600 ஆகும். ஆக, எதிரில் இருப்பவர் முடிப்பதற்கு முன்பே பதில் தயாராகத் தொடங்கிவிடுகிறது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை, யாராவது செய்யலாம்.

ஜெஃபர்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிநாடாவைக் கேட்டு எழுதுவதை ஒரு கலையாக்கியவர் அவர். சிரிப்பு எந்த எழுத்தில் தொடங்குகிறது, மூச்சு எங்கே உள்ளிழுக்கப்படுகிறது, மௌனம் எத்தனை பத்தில் ஒரு நொடி என்பதுவரை குறிப்பார். சாக்ஸ் 1975 நவம்பரில் சாலை விபத்தில் இறந்தார். வயது 40. தன் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதியை அவர் வகுப்பில் பேசியதோடு சரி, புத்தகமாக்கவில்லை. ஒலிநாடாவிலிருந்த அந்த வகுப்புகளையும் ஜெஃபர்சன்தான் எழுத்தாக்கினார். 1992இல் அவை இரண்டு தொகுதிகளாக வந்தன.

முதல் தொகுதியின் முதல் வகுப்பே அந்த அழைப்பில்தான் தொடங்குகிறது. போனை எடுத்தவருக்கு அதில் ஸ்மித் என்று பெயர் இருக்கிறது. அழைத்தவருக்கு ‘பி’ என்ற ஒரே எழுத்து.