விரலில் ஒரு கோடு

ஒரே விண்ணப்பத்தை ஒருவர் இரண்டு முறை அனுப்பினால் எப்படித் தடுப்பது? இன்று இதற்குக் கம்ப்யூட்டரில் எத்தனையோ வழிகள் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் வராத காலத்திலேயே இந்தியா இதே சிக்கலைச் சந்தித்தது. அந்த விண்ணப்பத்தின் பெயர் ஓட்டு! அதற்குக் கிடைத்த விடையின் பெயர் மை!

1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புகைப்பட அடையாள அட்டையும் கிடையாது. ஓட்டுப் போட்டவர் மறுபடியும் வரிசையில் வந்து நின்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் அழியாத மையை நம் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அந்தத் தேர்தலில் மட்டும் 3,89,816 மைப்புட்டிகள் செலவாயின.

அழியாத மை 1962-ல்தான் முதலில் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு வந்தது மைசூர் மை. 1937-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய அரக்கு, பெயிண்ட் தொழிற்சாலைதான் இன்றைய 'மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்' நிறுவனம். ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போனால் மைசூர். நீலகிரிக்காரர்கள் விரலில் ஏறும் மை பக்கத்து ஊர்ச் சரக்குதான்!

தேயிலை பறிக்கும் பெண்களின் விரல்களில் இலைச்சாறு பட்டுக் கறுப்பேறியிருக்கும். அந்தக் கறை தேய்த்துக் கழுவினால் மங்கும். இந்த மை மங்காது. காரணம் அதிலுள்ள சில்வர் நைட்ரேட். அது தோலிலுள்ள உப்புடன் சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடும். பழைய தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்தால்தான் கறை போகும். நகமும் தோலும் சேரும் இடத்தில் வைத்து வந்த மையை, 2006 முதல் இடது ஆள்காட்டி விரலில் நக நுனியிலிருந்து முதல் கணு வரை கோடாக இழுக்கிறார்கள்.

2016 நவம்பரில் செல்லாத நோட்டுகளை மாற்ற ஒரே ஆள் மறுபடி மறுபடி வங்கிக்கு வருவதைத் தடுக்கவும் இந்த மையே உதவிக்கு வந்தது. அதே நவம்பர் 19-ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றத்தில் தேர்தல்! வாக்காளர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

மையால் எல்லாவற்றையும் தடுக்க முடியுமா? முடியாது. ஒருவர் பெயரில் வேறொருவர் முந்திக்கொண்டால் மை என்ன செய்யும்? அப்போது உண்மையான வாக்காளர் 'ஆய்வுக்குரிய வாக்கு' கேட்டுப் பெறலாம். எஸ்டேட்டை விட்டுக் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனவரின் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இருக்கலாம். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. இரண்டு இடத்தில் ஓட்டுப் போட்டால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுமே செல்லாது. இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க இன்று புகைப்படங்களை ஒப்பிடும் மென்பொருளும் உண்டு. ஆனால் இரட்டைப் பெயரை நீக்கும்போது உண்மையான பெயரும் சேர்ந்து போய்விட்டால்? அதுதான் பெரிய இழப்பு.

அந்த இழப்பின் வலி நீலகிரிக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், ஓட்டும் பறிபோனது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய பல குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறின. அரசு தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஓட்டும் கிடைத்தது.

இரண்டாவது ஓட்டைத் தடுக்கத்தான் மை வந்தது. ஆனால் முதல் ஓட்டே மறுக்கப்பட்டவர்களின் விரலில் அது வேறு ஒன்றையும் சொன்னது: இவரும் இந்த நாட்டுக் குடிமகன்!