தரங்கம்பாடியில் ஒரு ஐஸ்லாந்து பீரங்கிக்காரன்

சரித்திரப் பதிவுன்னாலே ராஜாவும் தளபதியும்தான் வருவாங்க. இந்தப் பதிவுல வர்றவர் ஒரு சாதாரண ஆள். டென்மார்க் ராஜாவோட கப்பற்படையில பீரங்கிக்காரர். கப்பல் ஏறி நம்ம தரங்கம்பாடிக்கு வந்து, கோட்டையில வேலை பார்த்து, வெடிமருந்து வெடிச்சு அடிபட்டு, ஊருக்குத் திரும்பி, வயசான காலத்துல மொத்தத்தையும் எழுதி வெச்சுட்டுப் போனவர். பேரு யோன் ஓலாஃப்சன். ஊரு ஐஸ்லாந்து.

ஆமாங்க, ஐஸ்லாந்துதான். உலக வரைபடத்துல தலைக்கு மேல தனியா ஒட்டிட்டிருக்குமே, அதே தீவு.

முதல்ல பேரைப் பத்திக் கொஞ்சம். ஐஸ்லாந்துக்காரங்களுக்கும் நம்மள மாதிரியே குடும்பப் பேர்னு பெரும்பாலும் கிடையாது. அப்பா பேரு ஓலாஃபுர், அதனால பையன் ஓலாஃப்சன். பொண்ணா இருந்தா ஓலாஃப்ஸ்தோத்திர். நம்ம வழக்கப்படி எழுதினா ஓ. யோன், அவ்வளவுதான். ஐஸ்லாந்து டெலிபோன் டைரக்டரியிலகூட சொந்தப் பேரை வெச்சுதான் வரிசைப்படுத்துவாங்க. விசா ஃபாரத்துல 'லாஸ்ட் நேம்' கட்டத்தைப் பார்த்து முழிச்ச அத்தனை தமிழ் மென்பொருள் மக்களுக்கும் அது சொந்த ஊர் மாதிரி :-)

யோன் பிறந்தது 1593ல், தீவோட வடமேற்கு மூலையில, கடல் உள்ளே நீண்டு வந்த ஒரு குடாவோட கரையில. ஏழு வயசுல அப்பா போயிட்டார். அந்தக் காலத்துல தீவு முழுக்கச் சேர்த்தா அம்பதாயிரம் பேர் இருந்திருப்பாங்க. விவசாயம்னு பெரிசா ஒண்ணும் விளையாது. ஆடு, மீன், குளிர். அதிலும் 1602லேருந்து டென்மார்க் ராஜா ஒரு சட்டம் போட்டுட்டார்: அவர் அனுமதி கொடுத்த வியாபாரிங்களைத் தவிர வேற யார்கிட்டயும் வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. இது 1787 வரைக்கும் நீடிச்சது. அதாவது ஐஸ்லாந்தும் ஒரு காலனிதான். அங்கேருந்து ஒருத்தன் கிளம்பி வந்து அதே ராஜாவுக்காக நம்ம ஊர்க் கரையில காவல் நிக்கறான். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச, கொஞ்சம் உறுத்தற இடம் இதுதான்.

1615ல, இருபத்தோரு வயசுல, கரைக்கு வந்த ஒரு இங்கிலீஷ் கப்பல்ல ஏறிட்டார். இங்கிலாந்து பார்த்துட்டு, அப்புறம் கோபன்ஹேகன். அங்கே நாலாம் கிறிஸ்டியன் ராஜாவோட பீரங்கிப் பிரிவுல சேர்ந்தார். பீரங்கி சுடறதுங்கறது அப்போ படிச்சுத் தேற வேண்டிய ஒரு கைத்தொழில். மருந்து எவ்வளவு போடணும், குண்டு எவ்வளவு கனம், குழாய் எவ்வளவு சூடாயிருக்கு, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. கணக்கு தப்பினா எதிரி சாக மாட்டான், சுட்டவன்தான் சாவான். வடக்கே வெண்கடல், ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கமெல்லாம் போயிட்டு வந்தார்.

இதுக்கு நடுவுல தரங்கம்பாடியில ஒரு பெரிய கூத்து நடந்துட்டிருந்தது. 1618 கடைசியில ஓவ கெட்டேங்கற இளவயசு பிரபு தலைமையில டென்மார்க் கப்பல்கள் இலங்கைக்குக் கிளம்பின. கண்டி ராஜாவோட வியாபாரம் பண்ணலாம்னு திட்டம். போய்ச் சேரவே ஒன்றரை வருஷம் ஆச்சு. வழியிலயே பாதிக்கு மேல செத்துட்டாங்க. இலங்கையிலயும் ஒண்ணும் நடக்கல. அவங்களுக்கு முன்னாடியே அனுப்பின ஒரு கப்பலை, ரோலண்ட் க்ராப்பேங்கறவர் கூட்டிட்டு வந்ததை, காரைக்கால் பக்கத்துல போர்ச்சுகீசியர் அடிச்சு மூழ்கடிச்சுட்டாங்க. க்ராப்பே மிச்சம் இருந்த கொஞ்ச பேரோட தப்பிச்சு தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கர் கால்ல விழுந்தார். நாயக்கருக்கும் மிளகு வாங்க இன்னொரு ஆள் வந்தா நல்லதுதானே. போர்ச்சுகீசியர் மட்டும் இருந்தா அவங்க சொன்னதுதான் விலை. 1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. நாயக்கர் தமிழ்ல, தங்க ஓலையில எழுதி ராஜாவுக்கு அனுப்பின கடிதம் இன்னிக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. கடற்கரையில கோட்டை எழும்பிச்சு. பேரு டான்ஸ்போர்க்.

அந்தக் கோட்டைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. 1622ல 'கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன்'ங்கற கப்பல்ல யோன் ஏறினார். நன்னம்பிக்கை முனையைச் சுத்தி அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்.

பூம்புகார்லேருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பார்த்தவங்களுக்குத் தெரியும், நம்ம சோழமண்டலக் கரையில பெரிய கப்பல் கரை ஒட்டாது. அலை அப்படி. தூரத்துல நங்கூரம் போட்டுட்டு, கயித்தால தைச்ச படகுலயோ கட்டுமரத்துலயோதான் சரக்கும் ஆளும் இறங்கணும். அதாவது எத்தனை பீரங்கி வெச்சிருந்தாலும் கரைக்கு வர நம்ம மீனவர் மனசு வைக்கணும்!

யோன் தரங்கம்பாடியில இருந்தது அதிகம் போனா ரெண்டு வருஷம். ஆனா கண்ணைத் திறந்து வெச்சிருந்திருக்கார். கோயில், பிராமணர்கள், கோயில்ல ஆடற பெண்கள், கல்யாணம், சந்தை, சாப்பாடுன்னு எழுதித் தள்ளியிருக்கார். கோட்டைக்குப் பக்கத்துலயே பதினாலாம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயில். இப்போ கடல் தின்னது போக மிச்சத்தைத்தான் திருப்பிக் கட்டி வெச்சிருக்காங்க. யோன் காலத்துல அது எவ்வளவு தூரம் கடலுக்குள்ள நீண்டிருந்திருக்கும்னு அங்கே போகும்போதெல்லாம் நினைச்சுப்பேன். கட்டாயம் எல்லாத்தையும் சரியாப் புரிஞ்சுக்கிட்டார்னு சொல்ல மாட்டேன். லூத்தரன் கிறிஸ்தவர், மொழி தெரியாது, நம்ம சாமியைப் பேய்னு நினைச்ச காலம். ஆனா கம்பெனிக் கணக்குப்பிள்ளை எழுதினதுக்கும் இவர் எழுதினதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவங்க பார்வை மிளகு மேல. இவர் பார்வை மனுஷங்க மேல.

1624ல வெடிமருந்து வெடிச்சு படுகாயம். பீரங்கிக்காரனுக்கு இதுக்கு மேல என்ன வேலை? ஊருக்கு அனுப்பிட்டாங்க. திரும்பற கப்பல் புயல்ல மாட்டி அயர்லாந்துல ஒதுங்கி, ஒருவழியா டென்மார்க் போய், 1626ல ஐஸ்லாந்து. வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம்.

எங்க விருத்தாசலம், நல்லூர்ப் பக்கம் நேவியில பதினஞ்சு வருஷம் போட்டுட்டு பென்ஷனோட வந்தவங்க உண்டு. எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான். வந்து மோட்டார் காயில் சுத்தற கடை வெச்சார். கப்பல்ல கத்துக்கிட்ட வேலை. யோனுக்கு அந்த மாதிரி பென்ஷனும் கிடையாது, கடையும் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கிட்டு பழைய பொழைப்புக்கே திரும்பினார்.

ஆனா கத்துக்கிட்ட தொழில் விடல. 1627ல அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் ஐஸ்லாந்துல இறங்கினாங்க. தெற்கே இருக்கற வெஸ்ட்மன் தீவுகள்லேருந்து மட்டும் 242 பேரை அடிமையாப் பிடிச்சுட்டுப் போனாங்க. பத்து வருஷம் கழிச்சு மீட்புப் பணம் கட்டி மீட்டதுல ஊர் திரும்பினவங்க சொற்பம். அதுக்கப்புறம் அந்தத் தீவுக் கோட்டையில பீரங்கி பார்த்துக்க ஆள் தேடினாங்க. நாட்டுல அந்த வேலை தெரிஞ்ச ஆள் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? நம்ம யோனைக் கூப்பிட்டாங்க. காயம்பட்டவர், நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல. கொஞ்ச காலம் அங்கே இருந்தார்.

அதே சமயம் தரங்கம்பாடி கதை இன்னும் விநோதம். 1639க்கு அப்புறம் கிட்டத்தட்ட முப்பது வருஷத்துக்கு டென்மார்க்லேருந்து கப்பலே அனுப்பல! கோட்டையில இருந்தவங்க ஒவ்வொருத்தராப் போய்ச் சேர, 1655 வாக்குல எஸ்கில்ட்ங்கற ஒரே ஒரு டேனிஷ்காரர்தான் மிச்சம். அவரும் பிரபு கிடையாது, சாதாரண ஆள். உள்ளூர் ஆட்களை வெச்சு 1669ல அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் கோட்டையைக் காப்பாத்தினார். வந்தவங்க அவரையே கவர்னரா வெச்சுட்டாங்க.

யோன் தன் கதையை 1661ல எழுதினார், அறுபத்தேழு வயசுல. தரங்கம்பாடியை விட்டு அப்போ முப்பத்தேழு வருஷம். ஊர்ல அவருக்கு 'இந்தியாஃபாரி'ன்னு பேர். இந்தியா போய் வந்தவர். நம்ம ஊர்ல 'ரங்கூன்காரர் வீடு'ன்னு சொல்ற மாதிரியே! பனி பெய்யற ராத்திரியில தென்னை மரத்தைப் பத்தி எத்தனை தடவை கதை சொல்லியிருப்பாரோ. கையால படியெடுத்துப் படியெடுத்துதான் அந்தப் புத்தகம் பிழைச்சது. அச்சுல வந்தது 1908ல. இங்கிலீஷ்ல 1923லயும் 1932லயும் ரெண்டு பாகமா வந்தது. தரங்கம்பாடி வர்றது ரெண்டாவது பாகத்துல. 1679ல, 85 வயசுல, பிறந்த குடாவோட கரையிலயே செத்துப் போனார்.

இன்னொரு சமாச்சாரம். ஐஸ்லாந்துல 1703லயே ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதிக் கணக்கெடுத்தாங்க, 50,358 பேர். அந்த மாதிரி பழைய ஏடுகளையெல்லாம் கோத்து, 2003ல ஒரு வம்சாவளி டேட்டாபேஸ் இணையத்துல வந்தது. அதுல கை வெச்சவர்ல ஒருத்தர் ஆன்ட்டிவைரஸ் எழுதின ப்ரோகிராமர், ஃப்ரித்ரிக் ஸ்கூலசன். ஐஸ்லாந்துக்காரங்க உள்ளே போய்த் தன் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாப் பார்க்கலாம். யோனுக்குத் தான் உறவாங்கிறதையும்தான். என்னால என் தாத்தாவோட தாத்தா பேரைத் தாண்டிப் போக முடியல. யோனை அலையில நனையாமக் கரை சேர்த்த படகுக்காரர் பேரும் எந்த ஏட்டுலயும் இல்ல.

அந்தக் கோட்டைக்கு டென்மார்க் வெச்ச விலையும் தெரியும். 1845ல பிரிட்டிஷ்காரங்களுக்கு வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு வித்துட்டாங்க. இப்போ உள்ளே மியூசியம். போனா மேல் மாடிக்கு ஏறி, கடலைப் பார்த்து வெச்சிருக்கற பீரங்கிகள் பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. காத்து பிய்ச்சு எடுக்கும்.