கொசுவலைக் கதவு கிழிந்தால் கதவையே மாற்ற வேண்டுமா?

விளக்கேற்றும் நேரத்தில் வாசல் கதவைச் சாத்தக்கூடாது என்பது தமிழர் வீடுகளில் இன்றும் இருந்து வரும் வழக்கம். ஏடிஸ் கொசு சுறுசுறுப்பாகக் கடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். பொழுது விடிந்த கையோடும், மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அது ஆளைத் தேடி வருகிறது. கதவும் திறந்திருக்க வேண்டும், கொசுவும் உள்ளே வரக்கூடாது என்றால் அதற்கு வழி வாசலில் ஒரு கொசுவலைக் கதவு.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டிங்கி காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 100 பேர் உயிரிழந்தனர். தாமான் வீடுகளில் கண்ணாடி ஸ்லைடிங் கதவுக்கு அடுத்து அலுமினியச் சட்டத்தில் ஒரு வலைக் கதவும் போட்டிருப்பார்கள். ஆனால் பல வீடுகளில் அது ஒரு மூலையில் கிழிந்திருக்கும், அல்லது பாதி தூரம் போய் நின்றுவிடும். இழுக்கச் சிரமமாக இருப்பதால் ஓரமாகத் தள்ளி அப்படியே விட்டிருப்பார்கள். ‘வலை இருக்கிறது’ என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும்.

குத்தகையாளரைக் கூப்பிட்டால், முழுக் கதவையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. சட்டம் வளையாமல் இருந்தால் அதற்கு அவசியமே இல்லை. வலையும் அதைப் பிடித்திருக்கும் ரப்பரும், அடியில் ஓடும் சக்கரமும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் வேலை இது.

முதலில் பழுது எங்கே என்று பார்க்க வேண்டும்

கிழிசல்தான் கண்ணில் படும். ஆனால் கொசு பெரும்பாலும் நுழைவது ஓரங்களில். கதவை மூடிய பிறகும் கீழே ஒரு பக்கம் அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றால், வலை எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று கைவிளக்கை அடித்துக் காட்ட, இன்னொருவர் உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் கோடாகத் தெரியும் இடமெல்லாம் கொசுவுக்கு வழி. அந்த இடங்களில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, கதவை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். ‘கடகட’ என்று குதித்துக்கொண்டு வந்தால் சக்கரம் தேய்ந்திருக்கிறது அல்லது தடத்தில் கல் கிடக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால் அங்கே தடத்தின் விளிம்பு நசுங்கியிருக்கும். பளு தூக்குவதுபோல் முழுத் தூரமும் கனமாக இருந்தால் சக்கரம் சுழலவே இல்லை, இழுபடுகிறது என்று அர்த்தம்.

தைத்தால் போதுமா?

ஐந்து காசு அளவுக்கும் குறைவான ஓட்டை, அதுவும் வலையின் நடுவில் இருந்தால் ஒட்டுப் போடலாம். அதே வகை வலையில் ஒரு சிறு துண்டை, ஓட்டையைவிடச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் பெரிதாக வெட்டி, மெல்லிய மீன்பிடி நரம்பால் ஓரம் தைத்தால் நெடுநாள் நிற்கும். கடைகளில் கிடைக்கும் ஒட்டும் வலைத்துண்டுகள் அவசரத்துக்கு உதவும். வெயிலும் மழைச்சாரலும் படும் வாசலில் அவற்றின் பசை அதிக நாள் தாங்காது. ஒன்றிரண்டு இழை மட்டும் அறுந்திருந்தால் நிறமில்லாத நகப்பூச்சில் ஒரு சொட்டு போதும்.

ஓரத்தில், ரப்பருக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தால் ஒட்டுப் போடுவது வீண் வேலை. அங்கே வலை ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிரியும். விரலால் தேய்த்தால் தூளாக உதிரும் பழைய வலைக்கும் இதே பதில்தான். முழு வலையையும் மாற்றிவிடுவது நல்லது.

கதவைக் கழற்றுவது

வலைக் கதவு கனமில்லை, ஆனால் அகலம் அதிகம். தனியாகக் கழற்றினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதலில் மேல் தடத்தில் கதவு கழன்று விழாமலிருக்க ஒரு சிறு பிளாஸ்டிக் தடுப்போ திருகோ இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். பிறகு கதவின் அடிப்பகுதியில், பக்கவாட்டில் அல்லது முன்புறத்தில் சக்கரத்துக்கு நேராக இருக்கும் திருகைத் தளர்த்தினால் சக்கரம் சட்டத்துக்குள் ஏறிக்கொள்ளும். அதன்பின் இருவரும் கதவை நேராக மேலே தூக்கினால் மேல் தடத்தின் ஆழத்துக்குள் கதவு புகும். அப்போது அடியை உள்பக்கமாக இழுத்தால் கதவு கையோடு வந்துவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் பால்கனிப் பக்கம் உள்ள கதவை எப்போதும் வீட்டுக்குள் இழுத்துத்தான் கழற்ற வேண்டும். கதவு வெளிப்பக்கமாக மட்டுமே கழலும் அமைப்பாக இருந்தால், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம். ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு அலுமினியச் சட்டம் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்திலுள்ள கண்ணாடிக் கதவைக் கழற்றும் முயற்சியும் வேண்டாம். அதன் எடை வேறு, ஆபத்து வேறு.

சக்கரமும் தடமும்

கழற்றிய கதவைத் திருப்பிப் பார்த்தால் பல வீடுகளில் சக்கரமே தெரியாது. தலைமுடி, மாப்புத் துணியின் நூல், கோலமாவு, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். கத்தியின் முனையால் வெட்டி எடுத்துவிட்டுச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, வெடித்திருந்தாலோ, துருவில் இறுகியிருந்தாலோ புதிது போட வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இரும்புச் சக்கரம் சீக்கிரம் கெடும். அங்கே நைலான் சக்கரம் மேல்.

சக்கரங்களில் பல அளவுகள் உண்டு. பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. பழையதைக் கழற்றி ஹார்ட்வேர் கடைக்குக் கையோடு எடுத்துப் போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி. ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கதவு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

தடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். நசுங்கிய விளிம்பை இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். சமையல் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. அன்றைக்குக் கதவு வழுக்கிக்கொண்டு ஓடும்; ஒரு மாதத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். சிலிக்கோன் ஸ்பிரே என்று கேட்டால் கடையில் தருவார்கள். அது காய்ந்தபின் ஒட்டாது.

மழைநீர் வடிவதற்காகச் சில தடங்களில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை அடைபட்டால் தண்ணீர் தடத்திலேயே நிற்கும். இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் இருந்தாலே ஏடிஸ் முட்டையிட்டுப் பெருகும் என்று சிங்கப்பூர்த் தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் போதும். கொசுவைத் தடுக்கப் போட்ட கதவின் அடியிலேயே கொசு வளர்வது வேடிக்கையல்ல. ஒரு கம்பியை விட்டு அந்தத் துளைகளைக் குத்தித் திறந்துவிட வேண்டும்.

வலை மாற்றும் முறை

என்ன வலை என்பது முதல் கேள்வி. பரவலாகப் பயன்படுவது பைபர்கிளாஸ் வலை. மலிவு, வெட்டுவது எளிது, துருப்பிடிக்காது. அலுமினிய வலை விறைப்பாக நிற்கும், ஆனால் ஒரு முறை பந்து பட்டுக் குழி விழுந்தால் அந்தக் குழி போகாது. எலித் தொல்லை உள்ள தோட்டத்து வீடுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை பொருத்தம். பூனை நகத்தால் ஏறும் வீடுகளுக்கென்று தடித்த இழை வலையும் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 18க்கு 16 இழை உள்ள சாதாரண வலையே ஏடிஸைத் தடுக்கும். அதைவிட நெருக்கமானதை வாங்கினால் காற்று குறையும். தகரக் கூரை வீட்டில் அது பெரிய குறை. வெள்ளையைவிடக் கறுப்பு அல்லது சாம்பல் நிற வலை வழியாக வெளியே நன்றாகத் தெரியும்.

வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் பிடித்திருப்பது மெல்லிய ரப்பர் கயிறு. பழைய ரப்பரைத் திரும்பப் போடக்கூடாது. அது காய்ந்து சுருங்கியிருக்கும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டிக் கடையில் காட்டி அதே பருமனில் வாங்க வேண்டும். மெலிந்தால் கழன்று வரும், தடித்தால் பள்ளத்துக்குள் இறங்காது. ரப்பரை அழுத்த, மரக்கைப்பிடியின் இரு முனையிலும் சிறு சக்கரம் வைத்த ஒரு கருவியும் அதே கடையில் கிடைக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் கை வழுக்கி, புது வலையையே குத்திக் கிழிப்பது வழக்கமாக நடக்கும் கதை. கருவியை வாங்கிவிடுவதே சிக்கனம்.

கதவைச் சமமான தரையில் பழைய போர்வை விரித்துப் படுக்க வைக்க வேண்டும். ரப்பரின் ஒரு முனையைக் கிளப்பி இழுத்தால் முழுதும் வந்துவிடும், பழைய வலையும் கழன்றுவிடும். பள்ளத்தில் உள்ள மண்ணைப் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, சட்டம் கோணியிருக்கிறதா என்று மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வேறுபட்டால் மூலைத் திருகுகளைத் தளர்த்தி, சரிசெய்து, இறுக்கிய பிறகுதான் வலை.

புது வலையை நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும்படி வெட்டி, இழைகள் சட்டத்துக்கு இணையாக ஓடும்படி விரிக்க வேண்டும். முதலில் ஒரு நீளப் பக்கத்தில் ரப்பரை இறக்கி, அதன்பின் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகலாம். மூலைகளில் ரப்பரை இழுத்து நீட்டக்கூடாது. நீட்டினால் நாளைக்குச் சுருங்கி வெளியே வரும்.

இந்த வேலையில் அதிகம் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வலை முரசுத் தோல்போல விறைப்பாக இருக்க வேண்டும் என்று பலமாக இழுப்பார்கள். மெல்லிய அலுமினியச் சட்டம் அந்த இழுப்பில் நடுவில் உள்பக்கமாக வளைந்துவிடும். வேலை முடிந்து கதவை மாட்டினால் மேலும் கீழும் ஒட்டும், நடுவில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி விழும். பழைய வலையில் ஓட்டை இருந்தது. புது வலையில் ஓட்டை ஓரத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, வலை போடுவதற்கு முன் சட்டத்தின் உள் அகலத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையை வெட்டி நடுவில் அடியிலேயே முட்டுக் கொடுத்துவிட வேண்டும். பைபர்கிளாஸ் வலையைக் கையால் நீவிச் சுருக்கம் போனால் போதும். ரப்பர் உள்ளே இறங்கும்போது மிச்சத் தொய்வையும் அதுவே இழுத்துக்கொள்ளும்.

நான்கு பக்கமும் முடிந்ததும் புது பிளேடால், முனையை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்து, கூடுதல் வலையை ரப்பரை ஒட்டி வெட்டிவிடலாம். கதவை மாட்டும்போது மேல் பக்கம் முதலில், அடிப்பக்கம் பிறகு. சக்கரத் திருகுகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கதவின் விளிம்பு சுவரோடு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஒட்டும்வரை பார்க்க வேண்டும். கதவின் பக்கவாட்டில் ரோமம் போன்ற ஒரு பிரஷ் நாடா ஓடும். அது படிந்து மொட்டையாகியிருந்தால் மீட்டர் கணக்கில் கிடைக்கும் புது நாடாவை வாங்கிச் சொருகலாம். அன்றிரவே கைவிளக்கால் இன்னொரு முறை சோதித்துவிடுவது நல்லது.

எச்சரிக்கையாக ஒன்று. வலை கொசுவைத் தடுக்கும், குழந்தையைத் தடுக்காது. புது வலை உறுதியாகத் தெரியும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை சாய்ந்தால்கூட ரப்பரோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். அடுக்குமாடி வீடுகளில் வலைக் கதவுக்கு அப்பால் இரும்புக் கிரில் பூட்டியிருக்க வேண்டும். ஏறி நிற்கும்படியான நாற்காலி, பூந்தொட்டி எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக்கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலையையோ தடத்தையோ மாற்றுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். வலை, ரப்பர், சக்கரம் அளவில் நின்றால் பெரும்பாலும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளில் நிலையே உளுத்துப் போயிருந்தால் அது குடியிருப்பவர் கைக்காசைப் போட்டுச் செய்ய வேண்டிய வேலையல்ல, ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டியது.

வலை வாங்கும்போது சுருளின் அகலத்தைப் பார்த்து வாங்கினால் பக்கத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கும் டிரம் இருந்தால் அதன் வாயில் அந்தத் துண்டை விரித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். வலை தொய்ந்து தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும். பால்மரக் காட்டை ஒட்டிய வீடுகளில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளிலும் ஏடிஸ் வகைக் கொசு பெருகும் என்பதால், கதவு வேலை முடிந்த அன்றே வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.