சுருட்டுத் தொழிலாளர் வளர்த்த படிக்கும் பழக்கம்



"நாளெல்லாம் பாடுபட்டு வருகிறோம். புத்தகம் படிக்க எங்களுக்கு நேரம் ஏது?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர் உண்டு. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நின்று, நிரையில் பால் வெட்டி, களைத்து வீடு திரும்பும் ஒருவர் இப்படிக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் இதே கேள்விக்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள். கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

கியூபா என்பது கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவு. கரும்பும் புகையிலையும் அதன் செல்வம். 19ஆம் நூற்றாண்டில் அதை ஸ்பெயின் நாடு ஆண்டுவந்தது. தலைநகரான ஹவானாவில் சுருட்டுப் பட்டறைகள் பல இருந்தன. நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள் போட்டு, தொழிலாளர்கள் புகையிலையைக் கையாலேயே சுற்றுவார்கள். அந்த வேலையில் இயந்திரத்தின் இரைச்சல் கிடையாது. கைகள் ஓயாமல் இயங்கும். காதுகள் சும்மா இருக்கும். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

1865ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். ஹவானாவில் எல் ஃபிகாரோ என்ற பட்டறையில் தொழிலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பது என்பதுதான் அது. படிப்பவர் அந்த நேரத்தில் சுருட்டுச் சுற்ற முடியாது. சுற்றாவிட்டால் கூலியும் இல்லை. ஆகவே அவர் இழந்ததை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்து ஈடு செய்தார்கள். அடுத்த மாதமே, அதாவது 1866 ஜனவரியில், பார்த்தகாஸ் என்ற பெரிய பட்டறையிலும் இவ்வழக்கம் தொடங்கியது. சத்துர்னினோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளர் 1865இல் தொடங்கிய 'லா அவுரோரா' என்ற பத்திரிகை இதற்குப் பெரிதும் ஆதரவு தந்தது.

இதை ஆட்சியாளர் விரும்பவில்லை. உலகச் செய்திகளைக் கேட்கும் தொழிலாளி கேள்வி கேட்கத் தொடங்குவான் அல்லவா? 1866ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பானிய ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். பட்டறைகளில் நூல்களையும் பத்திரிகைகளையும் படித்துத் தொழிலாளரின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று அது தடை விதித்தது. வழக்கம் தோன்றி ஆறு மாதங்கூட நிறையவில்லை! அதற்குள் அரசாங்கமே தடுக்க முன்வந்தது என்றால், படிப்பின் வலிமை எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

1868இல் கியூபாவில் விடுதலைப் போர் மூண்டது. சுருட்டுத் தொழிலாளர் பலர் கடல் கடந்து அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலில் கீ வெஸ்ட் என்ற ஊரிலும், 1880களில் தம்பா என்ற ஊரிலும் பட்டறைகள் எழுந்தன. பிழைப்புத் தேடிப் போனவர்கள் படிப்பு வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அங்கே அது இன்னும் ஒழுங்கு பெற்றது. படிப்பாளர் என்பது தனி வேலையாயிற்று. நல்ல குரலும் தெளிவான உச்சரிப்பும் உடையவரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். கூடத்தின் நடுவே உயர்ந்த மேடை போட்டு அவரை அமர்த்தினார்கள். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் கதை நூல். எந்தக் கதையைப் படிக்கலாம் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். செர்வான்டிஸ், விக்டர் ஹியூகோ, எமிலி சோலா போன்ற பேரெழுத்தாளர்களின் படைப்புகள் அவர்களுக்குப் பழக்கமாயின. படிப்பு மிகவும் பிடித்துவிட்டால், புகையிலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டித் தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவிப்பார்கள். படிப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்லர். வாரந்தோறும் தொழிலாளர்களே ஆளுக்குச் சிறு தொகை போட்டுக் கொடுத்தார்கள்.

தம்பாவில் இவ்வழக்கம் 1931 வரை நீடித்தது. அப்போது உலகமெங்கும் பொருளாதார மந்தம். படிப்பாளர்கள் தொழிலாளரைத் தூண்டிவிடுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, அவ்வாண்டின் இறுதியில் முதலாளிகள் அவர்களை நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பயனில்லை. மேடை இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, நேயர்களே. வானொலி நல்ல துணைதான். எனினும் "இந்த நூலைப் படி" என்று அதற்கு வாக்களிக்க முடியாது; "அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படி" என்று சொல்லவும் முடியாது. அந்த உரிமையைத்தான் தம்பா தொழிலாளர்கள் இழந்தார்கள். கியூபாவிலோ வானொலி வந்த பிறகும் படிப்பாளர் மறையவில்லை. 2012இல் அந்நாட்டு அரசு இவ்வழக்கத்தைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்' தோன்றியது. சிங்கப்பூரில் 1935இல் 'தமிழ் முரசு' தோன்றியது. இவற்றை எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்ட காலம் நம் தோட்டங்களிலும் இருந்தது. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். சுற்றியிருந்து கேட்கும் வழக்கமும் கலைந்துபோயிற்று.

அதை மறுபடியும் தொடங்குவது கடினமன்று. சுருட்டுத் தொழிலாளர் வரலாறு அதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, குறித்த நேரம். மாலைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்ததும் புத்தகம் திறக்கட்டும். இரண்டாவது, சொந்தக் காசு. சம்பள நாளில் ஆளுக்கு ஒரு வெள்ளி உண்டியலில் போட்டால், சில மாதங்களில் ஒரு நூல் வீட்டுக்கு வரும். தான் காசு போட்டு வாங்கிய நூலை யாரும் மூலையில் எறியமாட்டார்கள். மூன்றாவது, கூடித் தேர்ந்தெடுப்பது. எந்த நூல் என்பதைப் பெரியவர் மட்டும் தீர்மானிக்காமல் பிள்ளைகளையும் கேளுங்கள்.

வீட்டில் பாட்டிக்கு எழுத்துத் தெரியாதா? பேரப்பிள்ளை படிக்கட்டும், பாட்டி கேட்கட்டும். ஹவானா பட்டறையில் கேட்டவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களே. ஆயினும் அவர்கள் கேட்ட படிப்பைக் கண்டு ஓர் அரசாங்கமே அஞ்சியது. தினமும் உரக்கப் படித்துக் காட்டும் பிள்ளைக்குத் தமிழும் தடுமாறாது. சபையில் எழுந்து பேசக் கூச்சமும் வராது.

நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று அந்தத் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. வேலை நடக்கும்போதே நேரத்தை உண்டாக்கினார்கள். அதற்கான விலையையும் தாங்களே கொடுத்தார்கள். நமக்கு அரை மணி நேரம் போதும். இன்று இரவே தொடங்குங்கள்.