ஜீப் முதல் லேண்ட் ரோவர் வரை: மும்பையில் கைமாறிய வண்டிகள்

இந்தியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி முதலில் பரவியது புதுக்கார் கடை வழியாக அல்ல, ஏலத்தின் வழியாக. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சிறிய வண்டியைப் பெருமளவில் செய்ய வைத்தது இரண்டாம் உலகப்போர். அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஏறத்தாழ 6.4 லட்சம் ஜீப்புகளைச் செய்தன. பர்மாப் போர்முனைக்கு இந்தியா தளமாக இருந்ததால் அவற்றில் ஒரு பங்கு இங்கே வந்தது. போர் முடிந்ததும் உபரிப் பொருள்களை விற்பதற்காக அரசு அமைத்த டிஸ்போசல் துறை அந்த ஜீப்புகளை ஏலம் விட்டது. தேயிலைத் தோட்டம், காட்டுக் குத்தகை, சுரங்கம் என்று நல்ல சாலை இல்லாத இடங்களில் வேலை உள்ளவர்களுக்கு அவை பயன்பட்டன. வண்டியின் முந்தைய வரலாற்றை வாங்குகிறவர் கேட்டதும் இல்லை, விற்கிறவர் சொன்னதும் இல்லை. ஓடினால் சரி.

மும்பைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1928-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சிவ்ரியில் உதிரிபாகங்களைக் கொண்டுவந்து கார் பூட்டும் ஆலையைத் தொடங்கியிருந்தது. மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதும் சேர்ந்து 1945-ல் நிறுவிய ‘மகிந்திரா அண்ட் முகமது’, குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே நிதியமைச்சரான பின் 1948-ல் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆனது. 1947-ல் 75 வில்லிஸ் ஜீப்புகளைப் பிரித்த நிலையில் இறக்குமதி செய்த இந்த நிறுவனம், மஜகாவில் ஆலை அமைத்து, 1949 ஜூன் 3 அன்று இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் ஜீப்பை வெளியே கொண்டுவந்தது. 1954 முதல் பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்யத் தொடங்கியது. டிஸ்போசல் ஜீப்புக்கு அதுவரை கிடைக்காத ஒன்று இதனால் கிடைத்தது: உதிரிபாகம். பாகம் கிடைக்கும் வண்டிக்கே மறுவிலை உண்டு என்ற விதி அன்று தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

பழைய ஜீப்பை நம்பி வாங்குவதன் ஆபத்து நாட்டின் முதல் பெரிய அரசியல் சர்ச்சைகளில் ஒன்றாகவும் வெடித்தது. 1948-ல் லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், ராணுவத்துக்கு ஜீப்புகள் வாங்க 80 லட்சம் ரூபாய் அளவில் ஓர் ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள் மட்டுமே. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு நீதி விசாரணை தேவை என்று சொன்னது. ஆனால் 1955 செப்டம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் அந்த விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். வண்டியை நேரில் சோதிக்கும் முன் பணம் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒரு தேசமே பார்த்த நிகழ்வு அது.

அடுத்த முப்பது ஆண்டுகளும் பற்றாக்குறையின் காலம். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் ஃபியட் கார்களைச் செய்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் புதுக்கார் கிடைக்கும். அதனால் கொஞ்சம் ஓடிய கார் புதுக்காரைவிட அதிக விலைக்குப் போனது. வாங்குகிறவர் காருக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை, காத்திருக்காமல் இருப்பதற்கும் சேர்த்துக் கொடுத்தார். வெளிநாட்டுக் கார் வேண்டுமானால் வழி இன்னும் குறுகல். தூதரகங்கள் கொண்டுவந்து பயன்படுத்திய கார்களை, 1956-ல் உருவான அரசு வணிகக் கழகம் வாங்கிப் பொதுமக்களுக்கு ஏலத்தில் விற்றது. திரைத்துறையினரும் செல்வந்தர்களும் அந்த ஏலங்களுக்காகக் காத்திருந்தனர்.

இந்தக் காலத்தில் ஜீப் சொகுசு வண்டி அல்ல. காவல்துறை, வனத்துறை, தாசில்தார் அலுவலகம், தேர்தல் பிரசாரம் ஆகியவற்றின் வண்டி அது. கேன்வாஸ் கூரையும் இரும்பு இருக்கையும் கொண்ட அந்த வண்டிக்குச் சொகுசு என்ற பெயர் கிடைக்க 1990-கள் வரவேண்டியிருந்தது. ஆனால் பழைய வண்டியைக் காப்பாற்றி ஓட்டும் கலை முழுதும் இந்தப் பற்றாக்குறைக் காலத்தில்தான் மும்பையில் வேரூன்றியது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் பழைய கார்களைப் பிரித்து இன்ஜின், கியர் பாக்ஸ், கதவு என்று தனித்தனியாக விற்கும் கடைகள் வரிசையாக வளர்ந்தன. சோர் பஜாரிலும் இதே வியாபாரம் நடந்தது. சென்னையின் புதுப்பேட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தைகளின் இயல்பு புதிதல்ல. குர்லாவுக்குத் தெற்கே சயான், தாராவி, மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். தமிழர் வாழும் இந்தப் பகுதிகள் எல்லாம் அந்தச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன.

மாட்டுங்காவின் பெரும்பகுதி, 1898-ல் உருவான பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்ட தாதர்-மாட்டுங்கா குடியிருப்பு. 1930-களிலும் 40-களிலும் கட்டிய அதன் மூன்று மாடி வீடுகளில் காருக்கென்று தனி இடம் வைத்தவை குறைவு. கார்கள் மரநிழலில், தெருவோரம் நிற்கும். இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மற்ற மாதங்களில் உப்புக்காற்று. வெளியில் நிற்கும் வண்டியின் அடிச்சட்டமும் பிரேக் குழாய்களும் துருப்பிடிக்கும், கதவு ரப்பர் வெடிக்கும். ‘கூரைக்குக் கீழ் நின்ற வண்டி’ என்று சொல்லும்போது மும்பை விற்பனையாளர் விலைக்கான காரணத்தையே சொல்கிறார். செம்பூரில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும் அடுக்ககங்களில் வேறொரு சிக்கல். இயந்திரம் தூக்கி அடுக்கும் நிறுத்தங்கள் பலவற்றில் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய வண்டி அங்கே ஏறாது. நல்ல வண்டியைச் சிலர் குறைந்த விலைக்கு விற்பதற்கு இது ஒன்றே காரணமாகிவிடுகிறது.

1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் விற்பனையைக் காகிதத்தில் ஒழுங்குபடுத்தியது. அதன் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வேறு மாநிலம் என்றால் 45 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனை அறிவிப்புக்கு 29-ஆம் படிவம், பெயர் மாற்றத்துக்கு 30-ஆம் படிவம், வெளி மாநிலம் போக 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, வங்கிக் கடன் முடிந்ததற்கு 35-ஆம் படிவம். தாராவி, மாட்டுங்கா வண்டிகள் தார்தேவ் அலுவலகத்தின் எம்.எச். 01 வரிசையிலும், செம்பூர் வண்டிகள் வடாலா அலுவலகத்தின் எம்.எச். 03 வரிசையிலும் வரும். இந்தப் படிவங்களை முடித்துக் கொடுப்பதற்கென்றே ஏஜென்ட்கள் உருவானார்கள். வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் பழக்கமும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்தது. அதன் விலை கடுமையானது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

சொகுசு என்ற சொல் இந்த வகை வண்டிகளோடு ஒட்டத் தொடங்கியது 1991-ல் வந்த டாடா சியராவால். குளிர்சாதன வசதியும் மின் கண்ணாடிகளும் கொண்ட அந்த மூன்று கதவு வண்டியை வாங்கியவர்கள் தேவைக்காக வாங்கவில்லை, ஆசைக்காக வாங்கினார்கள். 1998-ல் டாடா சஃபாரி வந்தது. 2002-ல் மிட்சுபிஷி பஜேரோவை இந்துஸ்தான் மோட்டார்ஸ் சென்னையை அடுத்த திருவள்ளூர் ஆலையிலிருந்து விற்கத் தொடங்கியது. ஃபோர்டு எண்டெவர் 2003-லும், டொயோட்டா ஃபார்ச்சூனர் 2009-லும் தொடர்ந்தன. ஃபார்ச்சூனரின் மறுவிலை இன்றும் மற்ற வண்டிகளை அளக்கும் அளவுகோலாக இருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும், நன்றாகப் பராமரித்த எண்டெவர் வைத்திருந்தவர்கள்கூட உதிரிபாகத்தைப் பற்றிக் கவலைப்பட நேர்ந்தது. மஜகாவ் ஜீப் கற்பித்த பாடம் அங்கே தலைகீழாகத் திரும்பியது.

வெளிநாட்டில் ஓடிய வண்டியை இறக்குவதிலும் மும்பையே வாசல். 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது, பழைய கார்களுக்கு மத்திய அரசு சில நிபந்தனைகளை விதித்தது: வண்டி மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்டவேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டும். சுங்கவரியோ வண்டியின் மதிப்பைவிட அதிகம். வரி இவ்வளவு உயர்ந்தால் ஏய்ப்பும் வளரும். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புவோருக்கான சலுகையைப் பிறர் பெயரில் பயன்படுத்தி வண்டிகளைக் கொண்டுவந்த வழக்குகளை வருவாய்ப் புலனாய்வுத் துறை நாடெங்கும் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனைகள், பூடான் வழியாக வந்த பழைய லேண்ட் குரூசர் வகை வண்டிகளைக் குறிவைத்தன. பல ஆண்டுகளுக்கு முன் நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரின் வண்டியும் இப்படிப் பறிமுதலாகலாம். அதனால், இறக்குமதி வண்டிக்கு வரி கட்டிய சுங்க ஆவணம் இல்லையென்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒதுங்கிப்போவதே அறிவு.

2005 ஜூலை 26-ஐ மும்பையின் பழைய கார் சந்தை மறக்கவில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு ஒரு கரையில் தாராவியிலும் மறு கரையில் காலினா, பாந்த்ரா-குர்லா வளாகப் பக்கங்களிலும் புகுந்தது. நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் எண்ணிலடங்காதவை. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பு என்று தீர்த்த வண்டிகள் சல்லிசாக விற்கப்பட்டு, துடைத்துச் சீராக்கி மறுபடி சந்தைக்கு வந்தன. சொகுசு வண்டியில் டஜன்கணக்கில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தரைவிரிப்புக்கும் இருக்கைகளுக்கும் அடியில் இருக்கும். தண்ணீர் பட்ட பெட்டி ஆறு மாதம் கழித்துக்கூடச் செயலிழக்கும். அந்த ஆண்டிலிருந்து மும்பையில் பழைய வண்டியைப் பார்க்க வரும் மெக்கானிக்குகள் இருக்கையின் தண்டவாளத்தைத் தடவிப் பார்ப்பதும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கறை தேடுவதும், தரைவிரிப்பை முகர்வதும் வழக்கமானது.

2008 ஜூனில் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு அதன் முதல் இந்தியக் காட்சிக்கூடம் மும்பை வர்லியில் திறக்கப்பட்டது. 2011-ல் புனேயில் ஃப்ரீலேண்டர் வண்டியைப் பூட்டத் தொடங்கினார்கள். ஆடி, பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், போர்ஷே வண்டிகளும் இதே ஆண்டுகளில் பெருகின. இவற்றின் மறுவிற்பனை பற்றாக்குறைக் காலத்துக்கு நேர் எதிர். மூன்று நான்கு ஆண்டுகளில் விலை பாதியாகிவிடுவது சாதாரணம். வாரண்டி முடிந்தபின் ஏர் சஸ்பென்ஷனோ கியர் பாக்ஸோ பழுதானால் ஆகும் செலவு ஒரு சிறிய காரின் விலையை நெருங்கும் என்ற பயமே அதற்குக் காரணம். அந்தப் பயத்தைத் தணிக்கும் எதற்கும் இந்தச் சந்தையில் விலை உண்டு. கம்பெனி சர்வீஸ் பதிவேடு முழுமையாக இருப்பது, ஒரே உரிமையாளர், இரண்டு சாவிகள், நீட்டித்த வாரண்டி, ஒரே ஆண்டில் செய்த நான்கு டயர்கள். நான்கு சக்கர விசை வண்டியில் டயர்கள் சமமாகத் தேயாவிட்டால் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும் என்பதால், டயர்களைப் பார்த்தே உரிமையாளரின் பராமரிப்பை அனுபவசாலிகள் எடைபோடுவார்கள். மீட்டரைக் குறைத்துவைக்கும் மோசடியையும் சர்வீஸ் பதிவேடுதான் காட்டிக்கொடுக்கிறது.

மாநில வரி இந்தச் சந்தையின் இன்னொரு விசை. மகாராஷ்டிரத்தில் தனியார் காருக்கு ஒருமுறை வரி வண்டி விலையின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. நிறுவனத்தின் பெயரில் வாங்கினாலோ இறக்குமதி வண்டி என்றாலோ அது 20 சதவீதம். அதனால் வரி குறைந்த புதுச்சேரி போன்ற இடங்களில் பதிந்து பெருநகரங்களில் ஓட்டுவோர் பெருகினர். அத்தகைய வண்டியை மும்பையில் விற்கும்போது, வாங்குகிறவர் இங்கே மறுபடி வரி கட்ட வேண்டியதை விலையில் கழித்தே பேசுவார். டெல்லியிலிருந்தும் வண்டிகள் வந்தன. அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் வண்டிகளின் புதுப் பதிவையும் எட்டு மாதம் நிறுத்திவைத்தது. தலைநகரில் விலை சரிந்த பெரிய டீசல் வண்டிகள் தடையில்லாச் சான்றோடு மற்ற மாநிலங்களுக்குப் புறப்பட்டன.

பழைய கார் வியாபாரியைச் சட்டம் அடையாளம் கண்டுகொண்டது மிகத் தாமதமாகத்தான். 2022 டிசம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வியாபாரி பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெறவேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை உரிமையாளர் முறைப்படி அறிவித்துவிட்டால், அதன்பின் அதற்குப் பொறுப்பு வியாபாரியுடையது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டிய பாதுகாப்பு இது. ஜி.எஸ்.டி. பதிவுபெற்ற வியாபாரி தன் லாப வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீத வரி கட்டுகிறார். ஒரு தனிநபர் தன் சொந்த வண்டியை இன்னொருவருக்கு விற்றால் அந்த வரி இல்லை. அதனால் நேரடி விற்பனை இன்னும் செழிப்பாகவே இருக்கிறது.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் சாதாரணக் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், இறக்குமதிக் காருக்கு 40,000 ஆகவும் உயர்ந்தது. பழைய மகிந்திரா ஜீப்புகளையும், ராணுவம் கழித்துவிட்டு அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின் ஏலத்தில் விற்கும் மாருதி ஜிப்சிகளையும் விரும்பி வாங்கிச் சீரமைப்பவர்கள் இந்தக் கட்டணத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பதினைந்து வயதான சொகுசு இறக்குமதி வண்டிக்கு வாங்குவோர் அரிது. அவற்றில் பல, 2021-ல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்குப் போய், ஒப்படைப்புச் சான்றிதழோடு பதிவேட்டிலிருந்து நீங்குகின்றன.