மணாலி – லே சைக்கிள் பயணம்: மூச்சு திணறுவது ஏன்? எங்கே உஷாரா இருக்கணும்?

‘தினமும் 100 கி.மீ. மிதிக்கிறேன், மலை ஏற முடியாதா?’ என்று கேட்பவரா நீங்கள்? மணாலி – லே சாலையில் சோதனை காலுக்கு இல்லை, மூச்சுக்குத்தான்!

பாதை எப்படி?

இமாச்சலின் மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. ரோதங், பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுங் லா, தக்லங் லா என 5 கணவாய்களைத் தாண்டினால் லடாக்கின் லே வரும். தக்லங் லாவின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல்.

மூச்சு திணறுவது ஏன்?

உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். தக்லங் லாவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். நீங்க எவ்வளவு ஃபிட்டா இருந்தாலும் உடம்பு பழக நாளாகும்.

என்ன செய்யணும்?

* 3,000 மீட்டருக்கு மேல், தினமும் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை.
* கேலாங்கைவிட சர்ச்சு சுமார் 1,200 மீட்டர் உயரம். ஒரே நாளில் போயிடலாம்னு நினைக்காதீங்க. தார்ச்சா போன்ற இடங்களில் தங்கி ஏறுங்கள்.
* தலைவலியோடு வாந்தி, தலைசுற்றல் வந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்கணும்.

முக்கியமான இடம் எது?

பாரலாச்சா லாதான். அதைத் தாண்டிவிட்டால், கீழே இறங்கணும்னாலும் எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு கணவாய் ஏறியாகணும். உடம்பு சரியில்லைன்னா, அதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க.