நாடியின் வன்மையும் இதயத்தின் சுமையும்

கைநாடியை மூவிரல்களால் தொட்டு நோயின் தன்மையை அறிய முயல்வது கீழைத்தேய வைத்தியத்தின் பழைய வழக்கு. மேலைத்தேயத்தாரும் நெடுங்காலம் நாடியைத் தொட்டறிந்தனரேயன்றி, அத்துடிப்பு எவ்வாறு எழுகின்றதென அறிந்தாரல்லர். இதயத்திலிருந்து நாடிச்சுவர் வழியே பரவும் ஓர் ஆற்றலினால் நாடிகள் தாமே விரிகின்றன என்ற கலெனின் கொள்கையே பல நூற்றாண்டுகள் கோலோச்சிற்று. இதயம் தள்ளும் குருதியே நாடியை விரிக்கின்றது என்பதை 1628ஆம் ஆண்டிலே வில்லியம் ஹாவி நிறுவினார். இங்ஙனம் ஒரு வினா விடைபெற, மற்றொன்று எழுந்தது. விட்டுவிட்டுத் துடிக்கும் இதயம் அனுப்பும் குருதி, மயிர்த்துளைக்குழாய்களில் இடையறாது ஓடுவது எங்ஙனம்?

இதற்கு விடை தந்தவர் வைத்தியரல்லர்; ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். அவர் ஒரு பெண்குதிரையின் நாடியிற் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது, குருதி 8 அடி 3 அங்குல உயரம் எழுந்தது. 1733இல் வெளியான தமது நூலில், நாடிகளின் மீள்தன்மையைத் தீயணைக்கும் பொறியின் காற்றறைக்கு அவர் ஒப்பிட்டார். பொறியின் ஒவ்வொரு தள்ளலிலும் காற்றறை நீரின் விசையை ஏற்று, இடைவேளையில் அதனை மெல்ல வெளிவிடும். பெருநாடியும் அவ்வாறே விரிந்து குருதியை ஏற்று, பின் சுருங்கி முன்செலுத்தும். யேர்மானிய அறிஞர் ஒட்டோ பிராங் 1899இல் இவ்வுவமையைக் கணித வடிவிற் கொணர்ந்தார். 1895இல் இதயத்தசையின் இயக்கத்தை ஆராய்ந்தவரும் அவரே. ஆதலின் அறையையும் குழாயையும் சேர்த்து நோக்கும் நெறிக்கு அவர் வழிகோலினார் எனலாம்.

இதற்கிடையே பிரான்சிய அறிஞர் மாரே 1860ஆம் ஆண்டளவில் நாடித்துடிப்பைக் கோடாக வரையுங் கருவியொன்றை அமைத்தார். அதனைத் திருத்திப் பயன்படுத்தியவர் இலண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய பிரெடெரிக் அக்பர் மகமெட். இவருடைய பாட்டனார் இந்தியாவின் பட்னாவிலே பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர். சிறுநீரகநோய் தோன்றாதவரிடத்தும் குருதியமுக்கம் மிகக்கூடும் என்றும், அம்மிகுதியால் நாடிகளும் இதயமும் கேடுறும் என்றும் மகமெட் 1870களிற் கண்டார். முப்பத்தைந்து வயதிலே, 1884இல், நெருப்புக்காய்ச்சல் அவர் உயிரைக் கவர்ந்தது. அவர் கண்ட உண்மையும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது.

1922இல் பிறம்வெல், ஹில் ஆகிய இருவரும் நாடியலையின் வேகத்தைக்கொண்டு நாடியின் வன்மையை அளக்கும் வழியை வகுத்தனர். வேகம் இருமடங்காயின் வன்மை நான்மடங்காகும் என்பது அவர்தம் சமன்பாட்டாற் பெறப்படும். இளையோர் பெருநாடியில் செக்கனுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 மீற்றர் செல்லும் அலை, முதியோரிடத்து 10 மீற்றரையும் கடப்பதுண்டு. அலை விரைந்து சென்று விரைந்து மீள்வதால், இதயம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே அதனை எதிர்க்கின்றது. பெருநாடியும் எளிதில் விரிந்து கொடாமையால் சுருங்கலமுக்கம் ஏறுகின்றது; தளர்தலமுக்கமோ தாழ்கின்றது. மிகுசுமை தாங்கிய இடதிதயவறையின் சுவர் தடிக்கின்றது. தடித்த சுவர் எளிதில் தளராது. எனவே இடச்சோணையறை மிகுந்த அமுக்கத்தோடு குருதியைச் செலுத்த நேர்ந்து, நாளடைவிற் பருக்கின்றது. அன்றியும் இதயத்தசைக்குரிய குருதி பெரும்பாலும் தளர்தற் காலத்திலேயே பாய்வதால், வேலை மிக, ஊட்டம் குறைகின்றது.

இவ்வளவு அறியப்பட்ட பின்னரும், முதுமையிற் சுருங்கலமுக்கம் ஏறுதல் இயல்பே என்றும், தளர்தலமுக்கமே கருதற்குரியது என்றும் மருத்துவர் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். அறுபது வயதும் அதற்கு மேலுமானோர் 4,736 பேரிடத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 1991இல் வெளியாயிற்று. சுருங்கலமுக்கம் மட்டும் ஏறியிருந்த அவர்களுள், மருந்து பெற்ற பிரிவினரிடத்துப் பாரிசவாதம் 36 சதவீதம் குறைந்தது. இதயம் தளர்ந்து செயலிழத்தலும் ஏறத்தாழ அரைப்பங்காயிற்று. இயல்பென ஒதுக்கப்பட்டது தணிக்கத்தக்க தீங்கே என்பது இதனாற் புலனாயிற்று.

ஹேல்ஸ் காற்றறையைக் காட்டியதற்கும் இம்முடிவு வெளியானதற்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. உறுப்பொன்றைத் தனியே பிரித்து நோக்குவார்க்கு அதன் நோயின் மூலம் புலப்படாது. இதயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் நாடியின் வரலாற்றையும் உடன் கற்றல் வேண்டும்.